முதுகு வலி: எது சாதாரணம்? எது அபாயம்?

ஓசூரில் ஒரு வலிக்கு நான்கு பெயர் உண்டு.

தமிழர்கள் "முதுகு வலி" என்கிறார்கள். தெலுங்குக்காரர்கள் "நடுமு நொப்பி" என்கிறார்கள். கன்னடக்காரர்கள் "பென்னு நோவு" என்கிறார்கள். பீகாரில் இருந்து வேலைக்கு வந்த வாலிபர்கள் "கமர் தர்த்" என்று சொல்லி, இடுப்பில் கை வைத்துக் காட்டுகிறார்கள்.

பெயர்தான் வேறு. வலி ஒன்று.

இந்தப் பக்கத்தில் முதுகு வலி வராமல் இருந்தால்தான் அதிசயம்! 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் எல்லாம் இங்கே தயாராகின்றன. எட்டு மணி நேரம் நின்று வேலை. குனிந்து தூக்கும் வேலை. பிறகு மேடு பள்ளத்தில் மோட்டார் சைக்கிள் சவாரி.

ரோஜாத் தோட்டத்துப் பெண்களுக்கும் இடுப்பு வலி. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல் குவாரித் தொழிலாளிக்கும் இடுப்பு வலி. மாங்காய்க் கூடை சுமப்பவருக்குக் கேட்கவே வேண்டாம்.

எனவே வலி வந்தால் யாரும் கவலைப்படுவது இல்லை. தைலம் தேய்க்கிறார்கள். மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்குகிறார்கள். மறுநாள் ஷிப்டுக்குப் போகிறார்கள்.

இது பெரும்பாலும் சரிதான்.

ஆனால் மிகச் சிலருக்கு அந்த வலி தசைப்பிடிப்பு அல்ல. எலும்புக்குள் புகுந்துவிட்ட புற்றுநோய்! அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பயம் வேண்டாம்

முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். இல்லாவிட்டால் இதைப் படித்த பாதிப் பேருக்கு இன்று இரவு தூக்கம் வராது.

அமெரிக்காவில் டேயோ, டீல் என்ற இரண்டு டாக்டர்கள் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். அது 1988-ல் வெளிவந்தது. முதுகு வலி என்று வந்த 1,975 பேரை அவர்கள் கவனித்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்குப் புற்றுநோய்?

13 பேருக்கு!

அதாவது 100 பேரில் ஒருவர் கூட இல்லை. 2009-ல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், புதிதாக முதுகு வலி வந்த 1,172 பேரைப் பார்த்தார்கள். ஒருவருக்குக் கூடப் புற்றுநோய் இல்லை. சிலருக்கு எலும்பு முறிவு இருந்தது.

ஆகவே வலிக்கிறவர் எல்லாம் புற்றுநோய் என்று பயப்படத் தேவை இல்லை. அந்த 13 பேர் யார் என்பதுதான் கேள்வி. அமெரிக்க டாக்டர்கள் அதையும் பார்த்தார்கள். 50 வயதுக்குக் கீழே இருந்து, முன்பு புற்றுநோய் வராமல், உடம்பு இளைக்காமல், சாதாரண வைத்தியத்திலேயே வலி குறைந்துகொண்டு வந்தவர்களில் ஒருவருக்குக் கூட அந்த நோய் இல்லை.

படுக்கை சொல்லும் சேதி

சாதாரண முதுகு வலிக்கு ஒரு குணம் உண்டு. அது வேலைக்குக் கட்டுப்பட்டது.

குனிந்தால் வலிக்கும். தூக்கினால் வலிக்கும். நெடுநேரம் உட்கார்ந்தால் வலிக்கும். படுத்தால்? "அப்பாடா!" என்று இருக்கும். பாரம் இறங்கியதும் தசைக்கும் டிஸ்க்குக்கும் ஓய்வு கிடைக்கிறது. நாலு வாரம், ஆறு வாரத்தில் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் குறைந்துவிடும். இடையில் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். ஆனால் மொத்தத்தில் இறங்குமுகமாக இருக்கும்.

புற்றுநோய் வலி அப்படி அல்ல. எலும்புக்குள் கட்டி வளர்கிறது. நீங்கள் மூட்டை தூக்கினாலும் அது வளரும். படுத்துத் தூங்கினாலும் வளரும். எனவே படுத்தாலும் வலி விடுவது இல்லை. சிலருக்கு மல்லாந்து படுத்தால்தான் அதிகமாக வலிக்கும். எழுந்து உட்காருவார்கள். நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்குவார்கள்.

வாரத்துக்கு வாரம் வலி கூடிக்கொண்டே போகும். ஒரு மாத்திரை இரண்டாகும். இரண்டு மூன்றாகும்.

புரண்டு படுக்கும்போது "சுருக்" என்று வலித்து விழிப்பு வந்தால், அது பெரும்பாலும் சாதாரண வலிதான். அசையாமல் படுத்திருக்கும்போதே வலி எழுப்பினால்தான் யோசிக்க வேண்டும்.

இங்கே ஓசூருக்கு என்றே ஒரு சிக்கல் இருக்கிறது. "ராத்திரியில் வலிக்கிறதா?" என்று டாக்டர் கேட்பார். இரவு ஷிப்டுக்காரர் என்ன சொல்வார்? "இல்லை சார். ராத்திரி வேலையில் இருக்கிறேன். பகலில்தான் வலி" என்பார். டாக்டரும் நல்லது என்று நினைத்துவிடுவார்! பகலில் தூங்குகிறவருக்குப் பகல்தான் ராத்திரி. "படுத்தால் வலி கூடுகிறது" என்று சொன்னால் குழப்பம் இராது.

இன்னொன்று, இடம். சாதாரண வலி பெரும்பாலும் இடுப்புக்கு மேலே, கீழ் முதுகில் இருக்கும். புற்றுநோய் நடு முதுகிலும் அதிகமாக வரும். இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே, மூட்டை தூக்காமலே, நாளுக்கு நாள் வலி கூடினால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. நெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குவது போல வலித்தால் இன்னும் அவசரம்.

இவற்றோடு, காரணம் இல்லாமல் எடை குறைகிறதா? சாப்பாடு பிடிக்கவில்லையா? 50 வயதுக்கு மேல் முதல் தடவையாக இப்படி வலிக்கிறதா? இவையும் கணக்கில் சேரும். இவற்றில் ஒன்றே ஒன்று இருப்பதால் மட்டும் புற்றுநோய் என்று முடிவு கட்டக் கூடாது. 50 வயது ஆகாத மனிதர் யார்? இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் டாக்டரிடம் போய்த்தான் தீர வேண்டும்.

லண்டன் மளிகை வியாபாரி

சில சமயம் புற்றுநோயும் "பிடிப்பு" என்று வேஷம் போட்டு வரும். இதற்கு 180 வருஷங்களுக்கு முந்திய கதை ஒன்று உண்டு.

லண்டனில் தாமஸ் மெக்பீன் என்று ஒரு மளிகை வியாபாரி. வயது 45-ஐ ஒட்டி இருக்கும். 1844 செப்டம்பரில் வெளியூர் சென்றிருந்தார். அங்கே ஒரு குகையில் இருந்து எம்பி மேலே குதித்தார். நெஞ்சுக்குள் ஏதோ "படார்" என்று விட்டுப்போனது போல இருந்தது. சில நிமிஷம் அசைய முடியவில்லை. அப்படி ஒரு வலி!

பிடிப்பு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பிளாஸ்திரி போட்டார்கள். வலி குறைந்தது. மூன்று நாலு வாரத்தில் திரும்ப வந்தது. அந்தக் கால வழக்கப்படி ரத்தம் எடுத்தார்கள். அட்டை விட்டார்கள். மனிதர் துவண்டு போனார்.

அடுத்த வருஷம் இரும்புச் சத்தும் கொயினாவும் கொடுத்தார்கள். என்ன ஆச்சரியம்! எழுந்துவிட்டார். ஸ்காட்லாந்துக்குப் போய் மலைகளில் ஏறி இறங்கினார். குணமாகிவிட்டது என்று எல்லாருக்கும் சந்தோஷம்.

அது பொய்க் குணம். 1845 இலையுதிர் காலத்தில் இடுப்பிலும் காலிலும் கொடிய வலி வந்தது. மெக்கிண்டயர் என்ற டாக்டர் அவருடைய சிறுநீரைச் சோதித்தார். அதில் ஒரு விசித்திரப் பொருள் இருந்தது. சூடாக்கினால் கரைந்தது. ஆறினால் மறுபடியும் திரண்டது! அதை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற நிபுணருக்கு அனுப்பினார்கள். இது எலும்பு நோயோடு வருகிற ஒருவகைப் புரதம் என்று அவர் சொன்னார்.

1846 ஜனவரி 1-ந் தேதி மெக்பீன் இறந்துவிட்டார். விலா எலும்புகளைப் பார்த்த டாக்டர்கள் திகைத்தார்கள். கத்தி பட்டாலே நொறுங்கும்படி மெத்தென்று இருந்தன! குகையில் இருந்து குதித்ததால் நோய் வரவில்லை. நோய் முன்பே எலும்பை அரித்திருந்தது. குதித்தபோது அது வெளியே தெரிந்தது.

அந்த நோய்க்கு இன்று மைலோமா என்று பெயர். எலும்பு மஜ்ஜையில் தோன்றுகிற புற்றுநோய். மெக்பீன் காலத்தில் இதற்கு வழி இல்லை. இன்று இருக்கிறது. மருந்தினால் பல வருஷம் வாழ்கிறவர்கள் அநேகம். ரத்தத்தில் சில சோதனைகள் செய்தால் துப்புக் கிடைத்துவிடும்.

இந்த நோயாளிகள் கடையில் வலி மாத்திரை வாங்கி மாதக் கணக்கில் விழுங்கினால், சிறுநீரகமும் கெட்டுவிடும். பாரம் தூக்கியபோது வலி வந்தது என்பதற்காக, அது பாரத்தால் வந்த வலி என்று ஆகிவிடாது. சிறிய பாரம், பெரிய வலி என்றால் சந்தேகம் வர வேண்டும்.

"சின்னக் கட்டிதான் சார்!"

மைலோமா தவிர மற்றவை பெரும்பாலும் வேறு இடத்தில் தோன்றி முதுகெலும்புக்கு வந்தவை. மார்பகம், நுரையீரல், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி, சிறுநீரகம், தைராய்டு. இவற்றில் தோன்றும் புற்றுநோய்க்கு எலும்பு என்றால் பிரியம். ரத்தத்தோடு சென்று அங்கே வேர் விடும்.

எனவே டாக்டருக்குக் கிடைக்கக்கூடிய துப்புகளில் மிகப் பெரியது எது தெரியுமா? "எனக்கு முன்பு புற்றுநோய் வந்தது" என்ற ஒரு வரிதான்.

அந்த வரிதான் பல வீடுகளில் மறைக்கப்படுகிறது!

ஒரு தாய்க்கு மார்பில் ஆபரேஷன் நடக்கிறது. பிள்ளைகள் அவரிடம் நோயின் பெயரைச் சொல்வது இல்லை. "சின்னக் கட்டிம்மா. எடுத்துட்டாங்க" என்கிறார்கள். அன்பினால் சொல்லும் பொய். உறவினர்களுக்கும் தெரிவது இல்லை. தங்கைக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே!

ஏழெட்டு வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு முதுகு வலி. மருமகள் எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போகிறாள்.

"முன்னாலே ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்காம்மா?"

"ஒண்ணும் பெரிசா இல்லீங்க. சின்னக் கட்டிதான் சார்!"

எந்த இடத்தில் கட்டி என்று டாக்டர் கேட்பது இல்லை. அம்மா வெட்கத்தால் சொல்வதும் இல்லை. மருமகளுக்கோ விஷயமே தெரியாது. வயதானால் தேய்மானம்தானே? மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள். இரண்டு மாதம் ஓடிவிடுகிறது.

மார்பகப் புற்றுநோய் பத்து வருஷம் கழித்துக் கூட எலும்பில் தலைகாட்டலாம். "அது எப்பவோ நடந்தது" என்று ஒதுக்க முடியாது. பழைய ஆபரேஷன் சீட்டு பெட்டியில் இருந்தால், அதை எடுத்துக்கொண்டுதான் டாக்டரிடம் போக வேண்டும். அம்மாவிடம் மறைத்த பிள்ளைகள் டாக்டரிடமாவது தனியாகச் சொல்லிவிட வேண்டும். அம்மாவிடமே சொல்லிவிடுவது இன்னும் மேல். வலிப்பது அவருக்குத்தானே!

படம் சொல்லும் பொய்

"எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். ஒன்றும் இல்லை." இப்படிச் சொல்லி நிம்மதி அடைகிறவர்கள் பலர்.

எக்ஸ்ரேயில் தெரிய வேண்டுமானால், எலும்பு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை அரித்துப் போயிருக்க வேண்டும். ஆரம்பத்தில் தெரியாது. வலி கூடிக்கொண்டே போனால், சுத்தமான எக்ஸ்ரே கையில் இருந்தாலும் திரும்பப் போக வேண்டும். எம்.ஆர்.ஐ. படத்தில் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும்.

அதற்காக எல்லாரும் எம்.ஆர்.ஐ. எடுக்க ஓட வேண்டாம். அதில் வேறு தொல்லை. 1994-ல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு டிஸ்க் பிதுங்கி இருந்தது! அவர்களுக்கு ஒரு வலியும் இல்லை. காரணம் இல்லாமல் படம் எடுத்தால், "டிஸ்க் பல்ஜ்" என்ற இரண்டு வார்த்தையைப் படித்துவிட்டுப் பயந்து படுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். சாதாரண முதுகு வலிக்குப் படுத்தே கிடப்பது நல்லது அல்ல. முடிந்த வரை நடமாடினால்தான் சீக்கிரம் குணமாகும்.

டாக்டர் முதலில் முதுகெலும்பைத் தட்டிப் பார்ப்பார். ஓர் இடத்தில் மட்டும் தட்டினால் துடிக்கிறதா என்று கவனிப்பார். ரத்தத்தில் இ.எஸ்.ஆர். பார்ப்பார். ரத்தசோகை இருக்கிறதா என்று பார்ப்பார். இவை செலவு குறைந்த சோதனைகள். அரசு ஆஸ்பத்திரியிலேயே செய்கிறார்கள்.

இன்னொரு நோயும் இதே வேஷத்தில் வரும். எலும்பில் வரும் காசநோய். எடை குறையும். மாலையில் காய்ச்சல் அடிக்கும். இரவில் வலிக்கும். வேர்க்கும். 1779-லேயே பெர்சிவல் பாட் என்ற ஆங்கில டாக்டர் இதை விவரித்து எழுதினார். நம் நாட்டில் இது அபூர்வம் அல்ல. புற்றுநோய் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருப்பவருக்கு உண்மையில் காசநோயாக இருக்கலாம். அதற்கு அரசு இலவசமாக மாத்திரை தருகிறது. ஒரு வருஷமோ சற்று அதிகமோ விடாமல் சாப்பிட்டால் குணமாகிறது. பயத்தினால் வீட்டில் இருந்தவர் கூன் விழுந்து போவார். எவ்வளவு பெரிய நஷ்டம்!

எது என்று தெரியும் வரை ஒரு காரியம் செய்யக் கூடாது. முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வது, இழுத்து நீவி விடச் சொல்வது வேண்டாம். அரித்துப் போன எலும்பு அந்த அழுத்தத்தில் முறிந்துவிடும்.

அன்றைக்கே போக வேண்டும்!

இதுவரை சொன்னதெல்லாம் இரண்டொரு நாளில் டாக்டரைப் பார்க்க வேண்டிய வலி. இனிச் சொல்லப் போவது அன்றைக்கே, அந்த மணியிலேயே போக வேண்டிய வலி.

முதுகு வலியோடு கால் தளர்கிறது. படி ஏற முடியவில்லை. செருப்பு நழுவுவது தெரியவில்லை. தொடை இடுக்கில் மரத்துப் போகிறது. சிறுநீர் வரவில்லை, அல்லது தெரியாமல் போகிறது.

இதற்கு ஒரே பொருள்தான். முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடமோ, அதில் இருந்து காலுக்குப் போகும் நரம்புகளோ நசுங்குகின்றன. கட்டி அழுத்தினாலும் சரி, டிஸ்க் அழுத்தினாலும் சரி, தாமதிக்க நேரம் இல்லை. 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். "காலையில் பார்க்கலாம்" என்றால் காலையில் கால் போயிருக்கும்.

கட்டி அழுத்துகிறது என்று தெரிந்தால் வீக்கம் குறைய ஊசி போடுகிறார்கள். அவசரமாக எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். பிறகு கதிர்வீச்சு, அல்லது ஆபரேஷனும் கதிர்வீச்சும். 2005-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், ஆபரேஷனும் கதிர்வீச்சும் சேர்த்துச் செய்தவர்களில் 100-க்கு 84 பேர் நடந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 பேர் நடந்தார்கள். எல்லாருடைய உடம்பும் ஆபரேஷனைத் தாங்காது. அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் எல்லா டாக்டர்களும் ஒப்புக்கொள்ளும் ஒன்று உண்டு. சிகிச்சைக்கு வரும்போது நடந்து வந்தவர்தான் பெரும்பாலும் நடந்து வீடு திரும்புகிறார்.

கால் நன்றாக இருந்து, எலும்பு வலி மட்டும் இருப்பவருக்கும் நிவாரணம் உண்டு. பலருக்கு ஒரே ஒரு வேளை கதிர்வீச்சில் வலி நன்றாகக் குறைகிறது. நோய் முற்றிலும் போகாவிட்டாலும் இரவில் தூங்கலாம். பேரனைத் தூக்கிக் கொஞ்சலாம். "எலும்புக்கு வந்துவிட்டால் அவ்வளவுதான்" என்று கையை விரிப்பது பழைய காலத்துப் பேச்சு.

எல்லையில் இருப்பவர்களுக்கு

கிருஷ்ணகிரி 2004-ல் தனி மாவட்டம் ஆயிற்று. 2022 ஜனவரியில் இங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டமே 2021 ஆகஸ்டு 5-ந் தேதி இந்த மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் தொடங்கியது. வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தம் பார்க்கும் ஊழியரிடம், "அம்மா ரெண்டு மாசமா உட்கார்ந்தே தூங்கறாங்க" என்று சொன்னால் கூடப் போதும். அது ஒரு தொடக்கம்.

பெரிய சிகிச்சைக்கு ஓசூர் ஜனங்கள் பெங்களூருக்குத்தான் போகிறார்கள். ஏறக்குறைய 40 கிலோ மீட்டர். கர்நாடக அரசின் கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி பழைய ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. சென்னையில் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரத்தில் பிறந்த எண்ணம்தான் 1954-ல் அந்த ஆஸ்பத்திரியாக எழுந்தது.

எல்லை தாண்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். படுக்கையில் சேர்த்த பிறகு கேட்டால் திண்டாட்டம்தான்.

தொழிலாளிகளுக்கு இன்னொரு பயம். "சோதனை, சிகிச்சை என்று அலைந்தால் சம்பளம் போய்விடுமே?" இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் சாதாரண நோய்க்கே வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். புற்றுநோயும் காசநோயும் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. இரண்டு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்து, அதற்குள் 156 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், சம்பளத்தில் 80 சதவீதம் இரண்டு வருஷம் வரை உண்டு. காண்டிராக்ட் தொழிலாளிக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். பலருக்குத் தங்கள் பெயரில் சந்தா கட்டப்படுகிறதா என்பதே தெரியாது. உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஊரில் எடுத்த எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. படம், ரத்தச் சோதனைச் சீட்டு, பழைய ஆபரேஷன் சீட்டு, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். கட்டியில் இருந்து சதை எடுத்துச் சோதித்திருந்தால் அந்தக் கண்ணாடித் தகட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அது இல்லாமல் போனால் அங்கே திரும்பவும் எடுப்பார்கள். அதற்குள் ஒரு வாரம், பத்து நாள் போய்விடும்.